மழையைப் பங்கு போட்டவன்

மழை ஜோசியத்தில் ஒரு வசதி உண்டு: கல்யாணப் பொருத்தம் தப்பினால் ஒரு குடும்பம் அடிக்க வரும், மழை தப்பினால் தாலுகாவே அடிக்க வரும், ஆனால் யார் முதலில் அடிப்பது என்று அவர்களுக்குள் தகராறு வந்துவிடுவதால் நாம் நழுவிவிடலாம்.

நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே சொல்லிப் பிழைக்கிற என் சக பாவிகளே! இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளே, ‘இந்த மாத்திரையில் சரியாகிவிடும்’ என்கிற டாக்டர்களே, ‘இந்தக் கேள்வி கட்டாயம் வரும்’ என்கிற வாத்தியார்களே! என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். எழுபதுகளின் கடைசியில் நான் போளூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் உரக்கடை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜாதகம், பொருத்தம், காணாமல் போன மாடு எல்லாவற்றுக்கும் ஊரில் வேறு ஆட்கள் இருந்தார்கள். எனக்கு மழை மட்டும்தான். பஞ்சாங்கத்தையும் மார்கழி மேகத்தையும் பார்த்து, வரப்போகிற பருவத்தில் மழை எப்படி என்று சொல்வேன். ஜவ்வாது மலையின் மேலேயும் அடிவாரத்திலேயும் எனக்கு வாடிக்கை உண்டு. அதில் ஒரே ஒரு வருடம் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன், அதுவே போதும்.

மாவு அரைப்பதா, வேண்டாமா?

மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நடக்கிற நாட்களில் மேகம் கர்ப்பம் தரிக்கும் என்பது எங்கள் சாஸ்திரம். அந்த நாட்களில் வானத்தில் மேகம் கூடி, குளிர்காற்றும் லேசான தூறலும் இருந்தால், ஆறு ஆறரை மாதம் கழித்து நல்ல மழையாகப் பிரசவம் ஆகும். இதைப் போளூரில் உட்கார்ந்து பார்க்க முடியாது, லாரிப் புகைதான் தெரியும். அதனால் வருடா வருடம் மலை ஏறி, காவலூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். காவலூரில்தான் நட்சத்திரம் பார்க்கிற பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அங்கே இருக்கிறவர்களுக்கு மேகம் என்றாலே ஆகாது. வானம் மூடினால் அன்றைக்கு வேலை கெட்டது. ஒரே ஊரில் நான் மேகம் வேண்டி அண்ணாந்து பார்ப்பேன், அவர்கள் வேண்டாமென்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

அங்கே சமையல்காரராக இருந்த அந்தோணிதான் எனக்கு மலைமேல் சிநேகிதர். கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற கிறிஸ்தவர். ஜோசியம் கேட்டால் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டியிருக்கும் என்பதால் பெரிய கேள்வி எதுவும் கேட்கமாட்டார், சின்ன பாவமாகப் பார்த்துக் கேட்பார். அன்றைக்கு டீயை ஊதிக்கொண்டே, “இன்னிக்கு ராத்திரி மேகம் மூடுமா ஜோசியரே?” என்றார். எதற்கு என்று கேட்டேன். மூடினால் சாருங்கள் சீக்கிரம் படுத்துவிடுவார்களாம், தோசைக்குக் கொஞ்சமாக அரைத்தால் போதுமாம். மூடாவிட்டால் விடிய விடிய விழித்திருந்து விடிந்ததும் ஆளுக்கு ஐந்து தோசை கேட்பார்களாம். நான் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன், விரலை மடக்கினேன், வானத்தைப் பார்த்தேன், கடைசியில் எனக்குத் தெரியாது என்றேன். அந்தோணி டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஆடி மாசம் பெய்யப்போற மழைய இப்பவே சொல்றீங்க. ராத்திரிக்கு மாவு அரைக்கறதா வேணாமான்னு சொல்லத் தெரியல. இன்னா ஜோசியமோ போங்க!”

பலாப்பழம் செய்த வினை

சித்திரை முதல் நாள் புதுப் பஞ்சாங்கம் படிக்கிற நாள். காலையில் மலைமேல் ஒரு கிராமத்தில் படித்துவிட்டு, சாயங்காலம் அடிவாரத்துக் கிராமத்தில் படிப்பது என் வழக்கம். அடிவாரத்துக் கிராமத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், இன்றைக்கும் அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பஞ்சாங்கத்தில் அந்த வருடத்து மழையைப் பங்கு பிரித்துப் போட்டிருப்பார்கள். கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, நாட்டுக்கு இத்தனை. இந்தக் கணக்கு பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் மாறும், நான் பிடித்திருந்த பஞ்சாங்கத்தில் அந்த வருடம் கடலுக்குப் பத்து, மலைக்கு ஆறு, நாட்டுக்கு நாலு. கடலுக்கு எதற்குப் பத்து என்று மட்டும் யாரும் கேட்டதில்லை, கடலில் எனக்கு வாடிக்கை இல்லை.

மலைக்கு ஆறு என்றதும் மலைக்காரர்களுக்கு ஒரே குஷி. சாமை நன்றாக வரும் என்று பேசிக்கொண்டார்கள். பருவத்தின் முதல் பலாப்பழத்தை அறுத்து, என் தலையில் ஏற்றி, பஸ் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். அந்தப் பழத்தோடு நான் அடிவாரத்தில் இறங்கினேன். கோயில் முன்னால் கூட்டம் கூடியிருந்தது. பழத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பஞ்சாங்கத்தை விரித்து, நாட்டுக்கு நாலுதான் என்று படித்தேன். கூட்டத்தில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் பலாப்பழத்தையே பார்த்தார்கள். அதன் வாசனை வேறு ஊர் முழுக்க வீசிக்கொண்டிருந்தது. பஞ்சாங்கம் அச்சடித்த இடத்தில் போட்ட பங்கு இது, என் கையில் ஒன்றுமில்லை என்று சொன்னேன். ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணம், கூட்டத்தின் சார்பாக எழுந்தார்.

“அதெல்லாம் சரிங்க. வாங்கினத பஸ்ஸுலயே வெச்சுட்டு வந்து படிச்சிருக்கலாம் இல்ல?”

எலுமிச்சம்பழம் சொன்ன தீர்ப்பு

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் நின்றார். பெருமாள். நல்ல உழைப்பாளி, வாய் கொஞ்சம் நீளம். அவருக்கும் தம்பி கோவிந்தனுக்கும் பாகப்பிரிவினை நடக்கவேண்டியிருந்தது. ஒரு வருடமாக இருவருக்கும் நேர்ப் பேச்சு கிடையாது. “அண்ணன் சாப்பிடலாமாம்” என்று தம்பி எருமையிடம் சொல்வான், “பசிக்கல” என்று அண்ணன் அதே எருமைக்குப் பதில் சொல்வார். அவர்கள் நிலம் மலை தொடங்குகிற சரிவில் இருந்தது. மேல்பாதி கல்லும் முள்ளும். கீழ்ப்பாதி செம்மண், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டால் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். இரண்டு குடும்பத்துக்கும் சோறு போடுவது அந்த நிலம் ஒன்றுதான்.

பெருமாள் என்னைத் தனியாகச் சரிவுக்கு அழைத்துக்கொண்டு போனார். “மலைக்கு ஆறு, நாட்டுக்கு நாலுன்னு சொன்னீங்க. எங்க நெலம் மலையா, நாடா?” என்றார். இத்தனை வருடத் தொழிலில் என்னை யாரும் கேட்காத கேள்வி. தெரியாது என்று அந்தோணியிடம் சொல்லலாம், வாடிக்கையிடம் சொல்லமுடியுமா? பையில் பூஜைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழம் கையில் பட்டது. “தரையில் வைப்போம். உருண்டால் மலை, நின்றால் நாடு” என்றேன். இது எந்த சாஸ்திரத்திலும் இல்லை. மேல்பாதியில் வைத்தேன், பழம் ஒரு வினாடி யோசித்துவிட்டு உருள ஆரம்பித்தது. கல்லில் முட்டி, முள்ளில் ஒதுங்கி, கீழ்ப்பாதியின் நடுவில் போய் நின்றது. மேல்பாதி மலை, கீழ்ப்பாதி நாடு. தீர்ப்பு இவ்வளவு தெளிவாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பெருமாள் முகம் மலர்ந்துபோனது. பழத்தை எடுத்து வரலாம் என்று நான் காலை எடுத்து வைத்தேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

“வுடுங்க, அது அங்கயே கெடக்கட்டும். ஆறு பங்கு நமக்கு, எலுமிச்சம்பழம் தம்பிக்கு. அவன் காதுல மட்டும் போட்டுடாதீங்க!”

இருவரும் சிரித்த பாகப்பிரிவினை

எங்கள் பக்கத்தில் அண்ணன் பங்கு பிரிக்கவேண்டும், தம்பி முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். பிரிக்கிறவன் வஞ்சகம் செய்யாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு. பெருமாள் ஊரார் முன்னால் சரிவின் குறுக்கே ஒரு கயிற்றைப் பிடித்து, மேலே ஒரு பங்கு, கீழே ஒரு பங்கு என்றார். கோவிந்தன் தன் காதையே நம்பவில்லை. நல்ல மண்ணிலும் கல்லிலும் ஆளுக்குப் பாதி வரும், அதற்குள் அண்ணன் நாலு சண்டை போடுவார் என்று தயாராக வந்திருந்தவன் அவன். “கீழ்ப்பங்கு எனக்கு” என்று அவசரமாகச் சொன்னான். “எடுத்துக்கோ” என்று அண்ணன் அதைவிட அவசரமாகச் சொன்னார். ஒரு வருடம் கழித்து எருமை இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது. இருவர் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு.

நான் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, நம்மால் ஒரு குடும்பம் சேர்ந்தது என்று பூரித்துப்போனேன். உண்மையாகவே கண்ணில் தண்ணீர் வந்தது. பத்திரத்தில் கைநாட்டு விழுந்தது. கர்ணம் மையைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“நானும் எவ்வளவோ பாகம் பிரிச்சிருக்கேன். ஒருத்தன் சிரிச்சா ஒருத்தன் அழுவான். ரெண்டு பேரும் சிரிக்கறாங்கன்னா எங்கயோ பெரிய தப்பு நடந்திருக்குது.”

அந்தோணியின் ஒரே பெரிய கேள்வி

சில வாரம் கழித்து அந்தோணி பலசரக்கு வாங்கப் போளூருக்கு இறங்கி வந்தார். மூட்டைகளைப் பஸ்ஸில் ஏற்றும் வரை என் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். மாவு விஷயத்தில் போன மானத்தை மீட்டுவிடலாம் என்று அவரிடம் பெருமாள் கதையைப் பெருமையோடு எடுத்துவிட்டேன். எலுமிச்சம்பழம், கயிறு, சிரிப்பு, என் கண்ணீர் எதையும் விடவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடுகைக் கையில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டே ஒன்று கேட்டார். அன்று சாயங்காலம் வரைக்கும் வந்த வாடிக்கைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

“பஞ்சாங்கம் ஒரு வருஷத்துக்குத்தான? பத்திரம் ஆயுசுக்கு இல்ல? அடுத்த வருஷம் நாட்டுக்கு ஆறுன்னு வந்தா நெலத்தத் தூக்கி மாத்தி வெச்சுக்குவாங்களா?”

என்னைப் பார்த்துச் சிரித்த ஒரே மனிதர்

ஆடி பிறந்தது. பெருமாள் வீட்டிலிருந்த விதை மல்லாட்டை முழுவதையும் கல்லுக்கு நடுவில் பொறுக்கிப் பொறுக்கி விதைத்தார். ஊர் கைகொட்டிச் சிரித்தது. சாமையாவது தூவு என்று அவர் சம்சாரம் கெஞ்சிப் பார்த்தாள். ஆறு பங்கு வருதுடி என்றார். முதலில் ஒரு தூறல் விழுந்து முளை வந்தது. அதோடு சரி. வானம் துடைத்துப்போட்டது போல ஆகிவிட்டது. பெருமாள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், இதைத் தாங்கமுடியவில்லை. அந்த நாட்களில் நான் மழையை எந்த விவசாயிக்கும் குறையாமல் வேண்டியிருக்கிறேன். அவர்களுக்குப் பயிர் ஒன்று, எனக்கு முதுகும் சேர்த்து இரண்டு.

கடைத்தெருவில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். ஊரிலேயே என்னைப் பார்த்துச் சிரித்தவர் ஒருவர்தான், செங்கல் சூளை வைத்திருந்தவர். சூளையில் வைக்காத பச்சைக்கல் எல்லாம் ஒரு சொட்டு நனையாமல் காய்ந்துகொண்டிருந்தது அவருக்கு. பெருமாள் என் எதிரில் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்துச் சூளைக்காரர் வந்தார், எனக்கு ஒரு டீயும் மசால் வடையும் வாங்கி வைத்தார், தோளில் தட்டினார்.

“அடிக்கடி இந்த மாதிரி மழை வரும்னு சொல்லுங்க ஜோசியரே. எங்க சூளைக்கு ரொம்ப ராசி!”

அவனுக்குச் சிந்தியது

ஆவணியில் ஒரு மத்தியானம், மலை உச்சி கறுத்தது. அடிவாரத்தில் வெயில், போளூரில் வெயில், மலையின் தலையிலும் தோளிலும் மட்டும் அப்படி ஒரு மழை. மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்தது. கோடு கிழித்த மாதிரி பெருமாள் நிலத்தில் பெய்து, தம்பி நிலத்தில் பட்டும் படாமலும் தூறிவிட்டு நின்றது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். நான் உரக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதுவரை எனக்கும் அவருக்கும் அவ்வளவு நெருக்கம் கிடையாது.

பெருமாள் நனைந்த வேட்டியோடு காய்ந்து கிடந்த போளூரில் வந்து இறங்கினார். பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த ஈர வேட்டியைப் பார்க்கும்படி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, என் மேஜையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தார். தம்பி நிலத்திலும் கொஞ்சம் பெய்ததாமே என்று கேட்டுவைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“எனக்குப் பெஞ்சதுக்குப் பேரு மழ. அவனுக்கு, எனக்கு ஊத்தும்போது சிந்தினது!”

மண் போன வழி

அந்த வாழைப்பழம் தீர்வதற்குள் ஆள் வந்தது. பெருமாள் உடனே வரச் சொன்னாராம். கையில் தடி இருந்ததா என்று கேட்டேன். மண்வெட்டி இருந்தது என்றான் வந்தவன். வானம் தெளிந்திருந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், மழைக்கு அல்ல.

நேராக மேல்பாதிக்குப் போய்ப் பார்த்தேன். பெருமாள் பழம் கொடுத்துவிட்டுப் போன பிறகு வந்த மழை ஒரே மூச்சாகப் பெய்திருக்கிறது. இருந்த கொஞ்சம் மண்ணையும் வாரிக்கொண்டு, வரப்பை உடைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. மேலே கல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கீழே கோவிந்தன் நிலத்தில் தண்ணீர் கட்டி நின்றது. அதில் ஒரு அடுக்குப் புது வண்டல். அந்த வண்டலில் பெருமாளின் மல்லாட்டைச் செடிகள் பாதி, வேரோடு வந்து, வெட்கமில்லாமல் நிமிர்ந்து நின்றன. அன்றைக்கு எலுமிச்சம்பழம் போன அதே வழி. சொன்ன பலன் ஒரு சொட்டு பிசகவில்லை, அதுதான் என்னை இன்னும் கூனவைத்தது.

பெருமாள் திட்டவில்லை. கல்லில் உட்கார்ந்திருந்தார். “மழ எங்க பெய்யும்னு கேட்டேன், சரியாச் சொன்னீங்க. தண்ணி எங்க போய் நிக்கும்னு நான் கேக்கல” என்றார். அந்த வாய் நீளமான மனிதர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. பத்திரம் பத்திரம்தான். சட்டப்படி கோவிந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். என் கண்ணெல்லாம் அவன் மேல்தான் இருந்தது.

கோவிந்தன் தன் நிலத்தில் இறங்கி, வண்டலை வெட்டி ஒரு கூடையில் போட்டான். தலையில் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்து, அண்ணன் காலடியில் கொட்டினான். “மண்ணு உன்னுது, கொட்டியாச்சு. திரும்பி வராம இருக்கணும்னா குறுக்கால கல்லு அடுக்கணும். கல்லு உன் பக்கந்தான் இருக்குது, எனக்குக் குடுப்பியா?” என்றான். எருமை பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருந்தது, அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இருவரும் கல்லைப் புரட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு வீட்டுப் பெண்களும் கூடையோடு வந்தார்கள். இதுதான் நேரம் என்று நான் குடையை விரித்துக்கொண்டு மெதுவாகச் சாலைப் பக்கம் நகர்ந்தேன். கோவிந்தன் ஒரு காலிக் கூடையை எடுத்து என் முன்னால் போட்டான். அண்ணன் அதில் மண் போட மண்வெட்டியை ஓங்கினார். வயதானவன், பாதி போதும் என்று கெஞ்சினேன். அண்ணன் தயங்குவதைப் பார்த்துத் தம்பி சொன்னான்:

“நெறையப் போடுண்ணே. மலைக்கு ஆறுன்னு சொன்னது அவருதான, ஆறையும் அவரே தூக்கட்டும்!”

அன்றிலிருந்து என் மழைப் பலன் ஒரு வருடம்கூட முழுவதுமாகப் பொய்த்ததில்லை, ஏனென்றால் எந்தப் பலனோடும் கடைசியில் ‘தண்ணீர் மேலிருந்து கீழேதான் ஓடும்’ என்று ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.